காப்பி கூடுமா?

“இது கூடுமா, கூடாதா?” என்பது தமிழ் முஸ்லிம் இல்லங்களில் நாள்தோறும் கேட்கும் வினா. ஹலால், ஹராம் என்றும், அவற்றிற்கு இடைப்பட்ட பல படிகளாகவும் சட்டநூல்கள் விரித்துரைக்கும் செய்தியை நம் பாட்டிமார் இவ்விரு தமிழ்ச் சொற்களில் அடக்கிவிட்டனர். வினா சிறிதே, ஆயினும் சில வேளைகளில் ஒரு குடும்பத்தின் மன அமைதியே அதன் விடையைப் பொறுத்து அமைந்துவிடுகிறது. அத்தகைய வேளை ஒன்றை நாம் நேரிற் கண்டோம்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர், ஒரு தை மாதத்தில், குமுளிக்கு அப்பால் இடுக்கி மாவட்டத்து மலைச்சரிவில் நமக்கு அறிமுகமான இராவுத்தர் ஒருவர் இல்லத்தில் இரண்டு நாள் தங்கியிருந்தோம். அவருடைய பாட்டனார் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து மலையேறி வந்தவர். ஏலமும் மிளகும் விளையும் சிறு தோட்டம். அவற்றினிடையே காப்பிச் செடிகள். பறித்த பழங்கள் களத்தில் காய்ந்துகொண்டிருந்தன. பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் விடுமுறைக்கு வந்திருந்தார். காலையில் அவருடைய அன்னையார் எல்லோர்க்கும் கருப்பட்டி இட்ட கட்டன் காப்பி கொண்டுவந்து வைத்தார். மகன் தம் குவளையை மெல்ல ஒதுக்கினார். “அத்தா, இதில் உள்ள காஃபின் அறிவை மாற்றும் பொருளாம். மதுவைப் போல இதுவும் கூடாது என்று ஒருவர் பேசியதைக் கைப்பேசியில் கேட்டேன்” என்றார்.

தந்தை சினங்கொள்ளவில்லை. களத்தைச் சுட்டிக்காட்டி, “குடிப்பது கூடாதென்றால், இதை விளைவித்து விற்றுத்தானே உன்னைப் படிக்க வைத்தேன், அந்தக் காசு கூடுமா?” என்று மட்டும் கேட்டார். அதற்கு மேல் அங்கு ஒருவரும் பேசவில்லை.

தந்தையின் கேள்வி வெறும் மனத்தாங்கலன்று. சட்டம் அறிந்த கேள்வி. இஸ்லாமியச் சட்டத்தில் மது விலக்கப்பட்டபோது குடிப்பவன் மட்டும் விலக்கப்படவில்லை. பிழிபவன், சுமப்பவன், விற்பவன், அதன் விலையை உண்பவன் எனப் பத்துத் திறத்தாரை நபிகள் நாயகம் அவர்கள் கண்டித்ததாக ஹதீஸ் நூல்கள் கூறுகின்றன. எனவே காப்பி மதுவின் இனமாயின், அந்த மலைச்சரிவில் நாற்று நட்டவர் முதல் மூட்டை சுமந்தவர் வரை அனைவருடைய உழைப்பும் கறைபட்டதாகிவிடும். காப்பி கூடுமா என்பதை அந்தக் களத்தின் ஓரத்தில் நின்று கேட்டால்தான் அதன் கனம் விளங்கும்.

இவ்வினாவை ஆராயுமுன் அந்நிலத்தைப் பற்றியும் சிறிது கூறவேண்டும். தமிழகத்திற்கு வெளியே வாழும் தமிழர் என்றவுடன் மும்பையும் தில்லியும் நம் நினைவிற்கு வருகின்றன. ஆனால் இருந்த இடம் பெயராமலே பிற மாநிலத்தார் ஆனவரும் உண்டு. 1956 நவம்பர் 1-ஆம் நாள் வரை பாலக்காடு, சென்னை இராச்சியத்து மலபார் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. தமிழர் மிகுந்து வாழ்ந்த தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் திருவிதாங்கூர்-கொச்சி இராச்சியத்தில் இருந்தன. அந்நாளில் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது இவை யாவும் கேரளத்தினவாயின. தேவிகுளமும் பீர்மேடும் 1972 முதல் இடுக்கி மாவட்டத்தில் உள்ளன. பாலக்காட்டுப் புதுநகரம், கொல்லங்கோடு முதலிய ஊர்களிலும், இடுக்கியின் மலைச் சந்தைகளிலும் இராவுத்தர் குடும்பங்கள் வீட்டில் தமிழும் வெளியில் மலையாளமும் பேசி வாழ்கின்றன.

மொழியில் இருப்பது போலவே அங்கே சமயச் சட்டத்திலும் இரண்டு மரபுகள் அருகருகே உள்ளன. இராவுத்தர்கள் பெரும்பாலும் ஹனஃபி மத்ஹபினர். மாப்பிள்ளை முஸ்லிம்கள் ஷாஃபிஈ மத்ஹபினர். நம்மவர் ஹஜ்ரத் என்று அழைக்கும் மார்க்க அறிஞரை அவர்கள் உஸ்தாத் என்று அழைப்பர். தொழுகையில் கை கட்டும் இடம் முதல் மீனல்லாத சில கடல்வாழ் உயிர்களை உண்பது வரை இரு சாராரிடையே சிறு வேறுபாடுகள் உண்டு. காப்பிக் குவளை மட்டும் இரு சாராரிடத்தும் ஒன்றுபோலவே சுற்றி வருகிறது. இந்த ஒற்றுமை எளிதில் வந்ததன்று. ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுக்கால வழக்காட்டத்தின் முடிவாக வந்தது.

அவ்வழக்கு அரபு நாட்டில் தொடங்கியது. பதினைந்தாம் நூற்றாண்டில் எமன் நாட்டுச் சூஃபியர், இரவில் விழித்திருந்து இறைநினைவில் ஈடுபடுவதற்குத் துணையாகக் காப்பியைப் பருகினர். ஏடன் நகரத்து அறிஞர் ஜமாலுத்தீன் ஸப்ஹானீ கடல்கடந்த நாட்டில் இதனைக் கண்டார் என்றும், தாயகம் திரும்பி நோயுற்றபோது இதனைப் பருகிச் சோர்வு நீங்கக் கண்டார் என்றும் ஒரு வரலாறு உண்டு. அவர் 1470-ஐ ஒட்டி மறைந்தவர். பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கெய்ரோ நகரத்து அல்-அஸ்ஹரைச் சூழ்ந்து வாழ்ந்த எமன் நாட்டார், வாரத்தில் இரண்டு இரவுகள் கூடி, செம்மண் கலத்திலிருந்து காப்பியை முகந்து வலப்புறமாக வழங்கித் திக்ரு செய்தனர். அஃதாவது, காப்பி முஸ்லிம்களிடையே புகுந்தது வழிபாட்டின் வாயிலாகவேயாம்.

ஆயினும் இரண்டு செய்திகள் அதற்குப் பகையாயின. ஒன்று, அதன் பெயர். அரபு மொழியில் கஹ்வா என்ற சொல் முன்னர் மதுவிற்கும் வழங்கியது. மற்றொன்று, அதனைப் பருகிய முறை. ஒரே குவளை கை மாறிச் சுற்றிவந்தது, மதுக்கூட்டத்தை நினைவூட்டியது. 1511-இல் மக்கா நகரில் அங்காடிகளையும் ஒழுக்கத்தையும் கண்காணிக்கும் அலுவலராயிருந்த காயிர் பெக் என்பவர், இரவில் பள்ளிவாசலருகே சிலர் விளக்கொளியில் கூடிப் பருகுவதைக் கண்டார். மறுநாளே சட்ட அறிஞர்களைக் கூட்டினார். மருத்துவர் இருவரையும் வருவித்தார். காப்பி உடலுக்குத் தீங்கு செய்யும் என்று மருத்துவர் கூறினர். பருகினோம், மதிமயங்கினோம் என்று சிலர் சான்று பகர்ந்தனர். தடை பிறந்தது, தெருவில் காப்பிக் கொட்டைகள் கொளுத்தப்பட்டன. இது மதுவைப் போன்றே மயக்குகிறது என்று அச்சபையில் ஒருவர் அடித்துக் கூறியதாகவும், அப்படியாயின் நீர் மதுவின் சுவையை எவ்வாறறிந்தீர் என்ற கேள்வி எழ, அவரே தண்டனைக்குள்ளானதாகவும் ஒரு கதை வழங்குகிறது.

மக்கா அந்நாளில் எகிப்திய மம்லூக் சுல்தானின் ஆட்சிக்குட்பட்டிருந்தது. அறிக்கை கெய்ரோவிற்குச் சென்றது. சுல்தான் கான்ஸூஹ் அல்-கூரியிடமிருந்து வந்த ஆணை, தகாத கூட்டங்களைத் தடுக்கச் சொன்னதேயன்றிக் காப்பியை விலக்கவில்லை. அடுத்த ஆண்டில் காயிர் பெக்கும் பதவியிலிருந்து மாற்றப்பட்டார்.

வழக்கு அத்துடன் ஓயவில்லை. 1530-களில் கெய்ரோவிலே ஒரு போதகர் காப்பி ஹராம் என்று முழங்கினார். கேட்டவர்கள் திரண்டு சென்று காப்பிக்கடைகளைத் தாக்கினர். அப்பொழுது நகரத்து நீதிபதியாயிருந்தவர் முஹம்மது இப்னு இல்யாஸ் என்ற ஹனஃபி அறிஞர். அவர் செய்த செயல் நினைவில் வைக்கத்தக்கது. அறிஞர்களைக் கலந்தபின் அவர் தம் இல்லத்திலேயே காப்பி காய்ச்சச் செய்தார். அதனை ஒரு கூட்டத்தாருக்குக் கொடுத்தார். பகலின் பெரும்பகுதியும் அவர்களுடன் உரையாடியவாறே அவர்களுடைய பேச்சையும் நிலையையும் கவனித்தார். ஒருவருடைய அறிவும் தடுமாறவில்லை. அதன் பின்னரே, காப்பி பருகலாம் என்று தீர்ப்பளித்தார்.

மக்காவில் நிகழ்ந்ததையும் கெய்ரோவில் நிகழ்ந்ததையும் ஒப்பிட்டுப் பார்த்தால் உண்மை தெளிவாகும். இரு சபைகளிலும் சட்டம் ஒன்றே. மயக்கும் பொருள் விலக்கப்பட்டது என்பதில் எவர்க்கும் ஐயமில்லை. வேறுபட்டது, பொருளின் தன்மையை அறிந்துகொண்ட முறை. முன்னவர் ஐயங்கொண்டு, ஐயத்திற்கேற்ற சான்றுகளைத் தேடினார். பின்னவர் பொருளையே கண்முன் வைத்துச் சோதித்தார். விதி நூலில் இருக்கிறது. பொருளின் இயல்பு பொருளில்தான் இருக்கிறது. இரண்டையும் அறிந்தவரே தீர்ப்புக் கூற உரியவர்.

இனி, காப்பிக்கு எதிராகக் கூறப்பட்ட காரணங்களை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

முதலாவது, அது மயக்கும் என்பது. மது எது என்று வரையறுப்பதில் இரு மத்ஹபுகளும் சிறிது வேறுபடுகின்றன. இமாம் அபூஹனீஃபா அவர்கள், திராட்சை மதுவிற்கும் பிற ஊறல்களுக்கும் வேறுபாடு கண்டார்கள். இமாம் ஷாஃபிஈ அவர்களோ, மிகுதியாகப் பருகினால் மயக்குவது எதுவாயினும் அதன் சிறு துளியும் விலக்கே என்றார்கள். இவற்றுள் கடுமையான இரண்டாம் அளவுகோலை வைத்து அளந்தாலும் காப்பி அகப்படவில்லை. மிகுதியாகக் குடித்தவனுக்கு உறக்கம் கெடும், நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும். ஆனால் பேசுவது இன்னதென்று அறியாத நிலை வருவதில்லை. மது அறிவை மறைக்கிறது. காப்பி உறக்கத்தை ஓட்டுகிறது. அறிவு மாற்றம் என்ற ஒரே சொல்லால் இரண்டையும் கட்டிவிட்டதே அந்தக் கைப்பேசிப் பேச்சில் நேர்ந்த பிழை.

இரண்டாவது, கொட்டை கரியாகும் வரை வறுக்கப்படுகிறது, கரி உண்ணத்தக்கதன்று என்பது. துருக்கிய அறிஞரிடையே இவ்வாதம் வலுப்பெற்றிருந்தது. பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில், இஸ்தான்பூலின் தலைமை முஃப்தியாயிருந்த போஸ்தான்ஸாதே மெஹ்மத் காப்பியை ஆகுமாக்கித் தீர்ப்புரைத்தார். காப்பி பழுப்பாக வறுபடுகிறதேயன்றிக் கரியாவதில்லை என்பது அக்காலத்தில் ஏற்கப்பட்ட விடை. வறுக்கும் சட்டியின் அருகே நின்ற எவரும் அறிந்த உண்மை இது.

மூன்றாவது, அது தீய கூட்டங்களுக்கு இடமாகிறது என்பது. 1633-இல் துருக்கிய சுல்தான் நான்காம் முராது இஸ்தான்பூலின் காப்பிக்கடைகளை மூடச் செய்ததற்கு, குடிமக்கள் ஓரிடத்தில் கூடி அரசைப் பற்றிப் பேசுவர் என்ற அச்சமும் ஒரு காரணம். இது முஸ்லிம் நாட்டிற்கு மட்டும் உரிய அச்சமன்று. இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லஸ் 1675 டிசம்பரில் இத்தகைய ஆணை ஒன்றைப் பிறப்பித்து, மக்கள் எதிர்ப்பால் சில நாட்களிலேயே திரும்பப் பெற்றார். கடையில் நடக்கும் குற்றத்திற்குக் கடையைத் திருத்தலாம். குவளையைப் பழிப்பது முறையாகாது. கெய்ரோ சுல்தானின் ஆணையில் அமைந்த நுட்பமும் இதுவே.

இவ்வாதங்கள் அனைத்திற்கும் அடியில் ஒரு பெருவிதி உண்டு. உண்ணல், பருகல் முதலிய உலகியல் செயல்களில், விலக்குவதற்குரிய சான்று வரும்வரை எப்பொருளும் ஆகுமானதே என்பது பெரும்பாலான சட்ட அறிஞர் கொண்ட கொள்கை. அவ்வாறாயின், சான்று காட்டும் கடமை கூடாதென்பவர்மேல் விழுகிறது, கூடும் என்பவர்மேலன்று. தம் நாவிற்கு வந்தபடி இது ஆகும், இது ஆகாது என்று பொய்யுரைப்போரைத் திருக்குர்ஆன் பதினாறாம் அத்தியாயத்தில் கண்டிக்கிறது. விலக்கப்பட்டதை ஆகுமென்பது எவ்வளவு குற்றமோ, ஆகுமானதை விலக்கென்பதும் அவ்வளவு குற்றமே. கடுமையே பக்தி என்று கருதும் இளைஞர்கள் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

காப்பி வழக்கின் இருதரப்பு வாதங்களையும் தொகுத்து, அப்துல் காதிர் ஜஸீரீ என்ற அறிஞர் 1558-ஐ ஒட்டி ஒரு நூலே எழுதினார். துருக்கிய அறிஞர் காத்திப் செலபி 1656-இல் எழுதிய நூலில் இவ்வழக்கு முடிந்துபோன பழங்கதையாக இடம்பெறுகிறது.

இக்கதைக்கும் நம் எல்லைப்புறத்திற்கும் நெருங்கிய உறவுண்டு. பாலக்காட்டு நிலத்தை வளப்படுத்தி ஓடும் பாரதப்புழை, கடலிற் கலக்குமிடம் பொன்னானி. பதினாறாம் நூற்றாண்டில் அவ்வூரைக் கல்வித் தலமாக்கிய மக்தூம் குடும்பத்தார், அரபு நாட்டு ஷாஃபிஈ அறிஞர்களுடன் நெருங்கிய தொடர்பு கொண்டிருந்தனர். மிளகு ஏறிச் சென்ற கடல்வழியில் சட்டநூல்களும் சென்று வந்தன. காப்பிச் செடி நம் நாட்டிற்கு வந்ததும் ஒரு முஸ்லிம் பெரியாரால் என்பது மரபு. மக்கா சென்று திரும்பிய பாபா புதன், எமன் நாட்டிலிருந்து ஏழு விதைகளை மறைத்துக் கொணர்ந்து, சிக்மகளூர் மலையில் விதைத்தார் என்பர். 1696-இல் டச்சுக்காரர் மலபார்க் கரையின் கண்ணூரிலிருந்து காப்பிக் கன்றுகளை ஜாவாவிற்கு அனுப்பினர்; வெள்ளத்தில் அவை அழியவே, 1699-இல் மீண்டும் கொண்டு சென்று பயிரிட்டனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பீர்மேட்டு மலையிலும் ஐரோப்பியர் காப்பித் தோட்டங்களை அமைத்தனர். 1869-இல் இலங்கையில் கண்டறியப்பட்ட இலைத் துரு நோய் பரவியபின், மலைகளில் பல இடங்களைத் தேயிலை பிடித்துக்கொண்டது. இருப்பினும் நெல்லியாம்பதித் தோட்டங்களிலும், இடுக்கியின் சிறு நிலங்களிலும் காப்பி இன்றும் விளைகிறது.

காப்பி ஆகுமானது என்று முடிந்தபின், இனிக் கேட்க ஒன்றுமில்லை என்று கொள்ளலாகாது. செயல் அதன் நோக்கத்தைப் பின்பற்றும் என்பது அறிஞர் கூற்று. இரவுத் தொழுகைக்கு விழித்திருக்க உதவும் காப்பி நன்மைக்குத் துணையாகிறது. வைகறைத் தொழுகையைத் தவறவிடும் அளவிற்கு நள்ளிரவு அரட்டைக்குத் துணையாகும் காப்பி அவ்வாறன்று. மது கலந்த காப்பி, மதுவின் சட்டத்தையே பெறும். நோன்புக் காலத்துப் பகலில் அது பிற பருகுபொருள்கள் போன்றதே. உடலுக்குத் தீங்கு என்று தன் மருத்துவர் கூறியபின்னும் குடிப்பவன், தன் உடம்பிற்குச் செய்ய வேண்டிய கடமையில் தவறுகிறான். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-இல் வெளியிட்ட ஆய்வுரை, நலமுள்ள வயதுவந்தோர்க்கு நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் காஃபின் வரையிலும், கருவுற்ற மகளிர்க்கு 200 மில்லிகிராம் வரையிலும் அச்சமில்லை என்கிறது. இடுக்கியில் மிகுதியாக விளையும் ரோபஸ்டா வகையில், அராபிகாவைப் போல் ஏறத்தாழ இருமடங்கு காஃபின் உண்டு. ஆகவே அளவறிந்து பருகுதல் அறிவுடைமை.

காப்பித் தோட்டங்களில் இன்று புதியதொரு வினாவும் எழுந்துள்ளது. மரநாய் காப்பிப் பழத்தைத் தின்று கழித்த எச்சத்திலிருந்து பொறுக்கிய கொட்டைகள் உலகச் சந்தையில் பெருவிலைக்கு விற்கின்றன. எச்சம் அசுத்தம், அப்படியாயின் அக்கொட்டை கூடுமா? இந்தோனேசிய உலமா சபை 2010-இல் இதற்கு விடை கூறியது. கொட்டை உடையாமல், முளைக்கும் திறன் கெடாமல் இருப்பின், அதன்மேற் பட்ட அசுத்தம் புற அசுத்தமே. கழுவித் தூய்மை செய்தபின் பருகலாம், விற்கலாம் என்பது அதன் கருத்து. இங்கும் அதே முறை கையாளப்பட்டிருத்தலைக் காணலாம். அருவருப்பு ஒன்றையே சான்றாகக் கொள்ளாமல், கொட்டையை எடுத்துப் பார்த்து, அதன் நிலை இன்னதென்று அறிந்தே அறிஞர் விடையிறுத்துள்ளனர்.

இச்செய்திகளை அன்று மாலையில் அவ்விளைஞருடன் களத்தின் ஓரத்தில் அமர்ந்து பேசினோம். அவர் பொறுமையுடன் கேட்டார். கெய்ரோ நீதிபதி ஹனஃபி மத்ஹபினர் என்றபோது முகம் சற்று மலர்ந்தது. ஆயினும் உடனே குவளையை எடுத்துவிடவில்லை. “ஊரில் எங்கள் ஹஜ்ரத்திடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்கிறேன்” என்றார். தந்தையார் அதனைக் கேட்டு வருந்தவில்லை. “கேள் தம்பி, கேட்பதுதான் சரி” என்றார். பின்னர் இருவரும் எழுந்து, பனி விழுமுன் காப்பிப் பழங்களைக் குவித்துத் தார்ப்பாயால் மூடினர். மூடும்போது மகன், இவ்வாண்டு என்ன விலை போகிறது என்று கேட்டது நம் செவியில் விழுந்தது.

பிறந்த ஊரைவிட்டு அயல் மாநிலத்தில் வாழ்வோர்க்கு இத்தகைய ஐயங்கள் மிகுதி. அருகில் பாட்டியில்லை, அறிந்த ஹஜ்ரத் இல்லை, கைப்பேசியில் பேசுவோரோ எண்ணற்றோர். அவர்களுள் எவருடைய குரல் உரத்தது என்று பாராமல், எவர் பொருளையும் நூலையும் ஒருங்கே அறிந்தவர் என்று பார்த்தல் வேண்டும். காப்பி கூடும் என்பது இன்று தீர்ந்த செய்தி. நாளை வேறொரு புதிய பொருள் நம் வாயிலுக்கு வரும். அப்பொழுதும் நாம் கெய்ரோ நீதிபதியைப் போல அதனை முதலில் நம் முன்னே வைத்துப் பார்ப்போமாக. தீர்ப்பைப் பின்னர்க் கூறுவோமாக.